சாம்பல் காவல்

கணவனின் இறந்துபோன மூத்த தாரத்தின் இலவம்பஞ்சு மெத்தையைக் கொல்லையில் எரிப்பதற்கு மங்களேஸ்வரி பேரூராட்சியில் அனுமதி வாங்கினாள். சாம்பல் ஆறும் வரை வீட்டாரில் ஒருவர் காவல் இருக்க வேண்டும் என்றார்கள். தன் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று கணவன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். காலையில் தீ வைத்தார்கள். பஞ்சு சுடர்விட்டு எரியாமல் உள்ளுக்குள்ளேயே கனன்றது. அவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"சோறு ஆறுதுங்க."

"நீ சாப்பிடு."

"கல்யாணமாகி இத்தன வருஷத்துல உம் பக்கத்துல இவ்வளவு நேரம் உக்காந்திருக்காராடி?" என்று மதிலுக்கு மேலாகக் கேட்டாள் அடுத்த வீட்டுக்காரி.

சாயங்காலம் மங்களேஸ்வரி தண்ணீர்க் குடத்தோடு போனாள். அவன் குனிந்து சாம்பல்மேல் உள்ளங்கையை வைத்திருந்தான்.

"ஊத்தாத மங்களம்," என்றான். "இன்னும் சூடு இருக்கு."