காகிதம் விழும் அளவு

அவள் ரெக்கார்டு நோட்டை மூடவில்லை.

ஆய்வகத்தில் பேராசிரியர் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

"இது சவுண்டு சம்பந்தப்பட்டது, முத்தரசி. ஒனக்கு வேண்டாம்மா. மார்க்க நான் போட்டுருதேன்."

இடது காதில் மாட்டியிருந்த கருவி அவளுக்கு இரைச்சலை மட்டும் தந்தது. சொற்களை அவர் உதட்டிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

நல்ல மனிதர். அதனால் மறுத்துப் பேசக் கஷ்டமாக இருந்தது.

அவள் படிப்பது தமிழ் இலக்கியம். முதலாண்டு இலக்கண வகுப்பில் எழுத்துகளின் பிறப்பை நடத்தினார்கள். நெஞ்சில் பிறப்பவை, கழுத்தில் பிறப்பவை, மூக்கில் பிறப்பவை. ஒன்று விடாமல் எழுதி முதல் மதிப்பெண் வாங்கினாள்.

பிறந்த எழுத்து இன்னொருவரிடம் எப்படிப் போய்ச் சேருகிறது என்பது அந்தப் பாடத்தில் இல்லை.

அதற்காகத்தான் துணைப்பாடமாக இயற்பியலை எடுத்தாள். தமிழ்த் துறையிலிருந்து அவள் ஒருத்திதான். இரண்டு பருவங்கள் கணக்கோடு மல்லுக்கட்டினாள். ஒரு தாளில் அரியர் விழுந்து, திரும்ப எழுதித் தேறினாள்.

ஒலி இன்றைக்குத்தான் வந்திருக்கிறது.

"எனக்கு வேணும் சார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மேசைக்கு வழிவிட்டார்.

மேசையில் நீளமான மரப்பெட்டி. அதன்மேல் எடை தொங்கவிட்டு இழுத்துக் கட்டிய கம்பி. கம்பிக்கு அடியில் நகர்த்தக்கூடிய இரண்டு கட்டைகள். நடுவில், கம்பியின்மேல் கூரை போல மடித்து ஏற்றிய துண்டுக் காகிதம்.

இசைக்கவை என்ற இரும்புக் கவட்டையைத் தட்டிப் பெட்டியில் ஊன்ற வேண்டும். கட்டைகளுக்கு இடைப்பட்ட நீளம் பொருந்தினால் கம்பியும் சேர்ந்து அதிரும். காகிதம் துள்ளி விழும்.

அவளோடு சேர்ந்து செய்கிறவள் பெனாசிர். புவியியல் மாணவி; அவளுக்கும் இது துணைப்பாடம்தான். மேலப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். எதையும் முத்தரசிக்காக இரண்டாம் முறை சொல்லச் சலிக்காதவள்.

பெனாசிர் கவையை ரப்பரில் தட்டி ஊன்றினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். கட்டையை நகர்த்தினாள். மறுபடி கேட்டாள்.

"சேந்துட்டு முத்து. முப்பத்தொம்பதுன்னு எழுது."

முத்தரசி எழுதவில்லை.

காகிதம் விழவில்லையே.

கட்டையைத் தானே நகர்த்தினாள். நூலளவு. பெனாசிர் தட்டி ஊன்றினாள். இன்னும் நூலளவு.

காகிதம் நடுங்கியது.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் ஒரு நூல்.

காகிதம் எகிறி மேசையில் விழுந்தது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்தரசி அதை எடுத்துக் கம்பியில் ஏற்றி மறுபடி விழ வைத்தாள். பிறகு இன்னொரு முறை. அளவு எடுக்க ஒரு முறை போதும். பெனாசிர் மூன்று முறையும் கவையைத் தட்டிக் கொடுத்தாள்.

நாற்பது சென்டிமீட்டர் என்று முத்தரசி எழுதினாள்.

அடுத்த கவைக்கும் பெனாசிர் காதைத்தான் சாய்த்தாள். தப்பான இடத்தில் "சேந்துட்டு" என்றாள். சுற்றிலும் ஆறு மேசைகளில் ஆறு கவைகள் ஒலித்துக்கொண்டிருந்தன.

அவளுக்கே எரிச்சல் வந்தது.

"இந்தக் காது சும்மா இருக்க மாட்டேங்கு, முத்து."

சுவரில் மாட்டியிருந்த முதலுதவிப் பெட்டியைத் திறந்தாள். பஞ்சைக் கிள்ளி உருட்டினாள். முக்காட்டுக்குள் கையை விட்டு இரண்டு காதையும் நன்றாக அடைத்துக்கொண்டாள். இப்போ சரி என்பதுபோல் தலையாட்டினாள்.

முத்தரசிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அதன் பிறகு பேச்சே இல்லை. ஒருத்தி தட்டினாள். ஒருத்தி நகர்த்தினாள். இருவரின் கண்களும் காகிதத்தில் இருந்தன.

முப்பத்திரண்டு.

இருபது.

கடைசி அளவை எழுதிவிட்டு முத்தரசி நிமிர்ந்தாள். அறையின் மறுகோடியில் நின்ற பேராசிரியரின் வாய் அசைந்தது. இந்தப் பக்கம் பார்த்து ஒரே பெயரை மூன்று முறை சொன்னார்.

பெனாசிர் காதில் பஞ்சோடு குனிந்து அளவுகோலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முத்தரசி அவள் தோளைத் தொட்டாள். அவள் திரும்பும்வரை காத்திருந்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக, உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னாள்.

"ஒன்னயத்தான். சார் கூப்பிடுதாங்க."