பொந்துக்குள் ஒருத்தி

"சுடு" என்றார் ஹபீப் முகம்மது, மறுபடியும்.

முனுசாமி துப்பாக்கியை உயர்த்தவில்லை.

மெராந்தி மரக் கிளையில் ஆண் இருவாச்சி வந்து உட்கார்ந்திருந்தது. அலகில் ஓர் அத்திப்பழம். அதற்குக் கீழே, சேறு குழைத்துப் பூசி அடைத்த பொந்து. நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு.

உள்ளே பெட்டையும் குஞ்சுகளும். ஆண் கொண்டுவந்து ஊட்டினால்தான் அவற்றுக்குச் சாப்பாடு.

இதெல்லாம் ஹபீப் முகம்மதுவுக்கும் தெரியும். கொடிமலைக் காட்டுப் பறவைகளைக் கணக்கெடுக்க மியூசியம் அனுப்பிய குழுவுக்கு அவர்தான் தலைவர். கெட்ட மனிதர் இல்லை. கரிமூட்டக்காரர்கள் இந்தச் சரிவை வெட்ட அனுமதி கேட்டிருந்தார்கள். பாடம் செய்த ஓர் இருவாச்சியை மேசைமேல் வைத்தால்தான் மேலிடம் நம்பும். நம்பினால்தான் காடு தப்பும்.

"ஒன்னு போனா போவட்டும் முனுசாமி. காடு பொழச்சிக்கும்லா."

"ஒன்னு இல்லீங்கய்யா. உள்ள இருக்கறதையும் சேத்து எண்ணுங்க."

ஹபீப் முகம்மது திகைத்துப் போனார். இந்த இருவாச்சியைச் சுடவேண்டும் என்று முந்தாநாளே சொல்லிவைத்திருந்தார். ஒவ்வொரு பருவத்திலும் அவருக்காகச் சுட்டவன் இவன். மரங்கொத்தி, குக்குறுவான், மாங்குயில் என்று இவன் சுட்டுக் கொடுத்தவையெல்லாம் வயிற்றில் பஞ்சோடு மியூசியப் பெட்டிகளில் படுத்திருந்தன. ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

ஆனால் இந்தப் பெட்டை பொந்துக்குள் புகுந்து வாசலைப் பூசிக்கொண்ட நாளிலிருந்து முனுசாமி பார்த்துக்கொண்டிருந்தான். கொட்டுகிற மழையிலும் ஆண் வந்தது. ஒரு வேளைகூடத் தவறவில்லை.

ஹபீப் முகம்மது துப்பாக்கியைப் பிடுங்கினார். தானே குறி பார்த்தார்.

ஆண் குனிந்தது. பிளவிலிருந்து ஓர் அலகின் நுனி வெளியே வந்து பழத்தை வாங்கிக்கொண்டது.

விசை 'டிக்'கென்றது. அவ்வளவுதான்.

"தோட்டா எங்கடா?"

"வர்ற வழியில ஓடையில போட்டுட்டேங்க. பையில இருந்ததையும்."

அவர் போட்ட கூச்சலில் ஆண் இருவாச்சி விருட்டென்று பறந்து போயிற்று.

முனுசாமி மரத்துக்கு முன்னால் வந்து நின்றான்.

"செத்ததக் காட்டித்தான் உசிரு இருக்குன்னு சொல்லணுமாங்க? மேலிடத்து ஆளுங்கள மலை ரயில்ல ஏறி வரச் சொல்லுங்க. இங்க நிக்க வெச்சுக் காட்டறேன்."

"எனக்கே புத்தி சொல்றியா? நாளைக்கு வேலைக்கு வராத! இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள சர்க்கார் வீட்டையும் காலி பண்ணு!"

சொல்லிவிட்டு அவர் காத்திருந்தார். வீடு என்றதும் காலில் விழுவான் என்றுதான் நினைத்தார். கட்டியவள் நவமணியை வைத்துக்கொண்டு எங்கே போவான்?

மரங்களுக்கு மேலே பெரிய சிறகுகள் காற்றை அடிக்கும் ஓசை திரும்பி வந்தது.

முனுசாமி நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தபடி சொன்னான்:

"காலி பண்ணியாச்சுங்கய்யா. நவமணி நேத்தே சட்டிபானையெல்லாம் கட்டி, மலையடிவாரத்துல, ஆயர் ஈத்தாம்ல, அவ அக்கா வீட்டுக்குக் கொண்டுபோயிட்டா."