திலகா தூக்கிய கை

செம்பனைத் தோட்ட மண்டபத்தின் பலகைச் சன்னல் வழியே மாலை வெயில் மேசைமேல் கோடு கோடாக விழுகிறது. சுற்றிலும் இளைஞர் மன்றச் செயற்குழுவினர் ஏழு பேர். போன ஞாயிறு உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு எங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்குத் தொண்ணூற்றொரு ஓட்டு, எல்லாரையும்விட அதிகம். திலகாவுக்கு முப்பத்தெட்டு, கடைசி இடம். ஆனால் தலைவரை நாங்கள் ஏழு பேர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். "சட்டம் அப்படித்தான் லா," என்கிறார் கூட்டத்தை நடத்தும் பழைய தலைவர் அர்ஜுனன் அண்ணன். "அன்பரசிக்கு யாரு?" மூன்று கைகள் எழுகின்றன. என் கை மாலை வகுப்பு நோட்டின்மேல் கிடக்கிறது. எனக்கு நானே எப்படித் தூக்குவது? வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று போகிறது. மைலோ குவளைகள் நடுங்குகின்றன. "திலகாவுக்கு?" இரண்டு கைகள். பிறகு திலகாவே தன் கையைத் தூக்குகிறாள், பஸ்ஸை நிறுத்துகிறவளைப் போல. கண்ணாடி வளையல்கள் முழங்கை வரை சரிந்து வெயிலில் மின்னுகின்றன. "அட, ஒனக்கு நீயேவா?" என்று திலீப் சிரிக்கிறான். "ஆமா. எனக்கு வேணும், தூக்குறேன்," என்கிறாள் அவள். அண்ணன் என் பக்கம் திரும்புகிறார். "மூணுக்கு மூணு. நீ இன்னும் தூக்கலயே அன்பரசி. யாருக்கும்மா?" எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் திலகாவின் கையைப் பார்க்கிறேன். அது இன்னும் இறங்கவில்லை, கொஞ்சமும் நடுங்கவில்லை. தலைவர் நாற்காலியைவிட அந்தக் கைமேல்தான் எனக்குப் பொறாமை. என் கையும் ஒருவழியாக எழுகிறது. "திலகாவுக்கு," என்கிறேன்.