மூன்றாம் வாசல்

“பையைத் திறங்க சார்.”

பொழுதுபோக்குப் பூங்காவின் மூன்றாம் வாசல் காவல்காரி கை நீட்டினாள். காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. மணி ஒன்பதுதான். அதற்குள் வெயில் மண்டையைப் பிளந்தது.

தபால்காரர் திறந்தார். உள்ளே நாலு தண்ணீர் பாட்டில்.

“வெளித் தண்ணி உள்ளே விடக் கூடாது. டோக்கன் வாங்கிக்குங்க. போறப்ப திருப்பித் தருவாங்க.”

“என்னம்மா அநியாயம்! சின்னப் பொண்ணு இருக்கா. இந்த வெயில்ல தண்ணியில்லாம எப்படி?”

“உள்ளே கடை இருக்கு சார்.”

“உங்க முதலாளி பொழைக்கறதுக்கா?”

அவள் நாலையும் எடுத்து மேஜைமேல் அடுக்கினாள். அடுத்து, அவர் மனைவியின் துணிப்பைக்குள் கையை விட்டாள்.

தபால்காரருக்குத் திக்கென்றது. மகளின் மாற்று உடுப்புக்கு அடியில் மாத்திரை டப்பா. டப்பாவுக்கும் அடியில் ஐந்தாவது பாட்டில்.

அவள் டப்பாவை எடுத்தாள். அதில் சுற்றியிருந்த டாக்டர் சீட்டைப் படித்தாள். இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

“போங்கக்கா.”

பத்தடி தாண்டியதும் தபால்காரர் தோளைக் குலுக்கிச் சிரித்தார். “பாத்தியா? கண்ணுல மண்ணைத் தூவிட்டேன்.”

“மெதுவாப் பேசுங்க.”

மனைவிக்குச் சிறுநீரகத்தில் கல். மணிக்கொரு தரம் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. வெயிலில் அலையக் கூடாது என்பதும்தான். மகள் ஒரு வருஷமாக ராட்டினம் ராட்டினம் என்று உயிரை எடுத்துவிட்டாள். வந்தாயிற்று.

ராட்டின வரிசை தகரக் கூரைக்கடியில் ஏழு மடிப்பு மடிந்து நின்றது. மேலே தகரம் காய்ந்தது. கீழே மனிதர்கள் வெந்தார்கள்.

“இதெல்லாம் ஒரு வெயிலா? வருஷம் பூரா இதுலதான் சைக்கிள் மிதிக்கிறேன்.”

“அதான் லீவுலயும் அதை விட மாட்டேங்கறீங்க,” என்றாள் மனைவி.

“அப்பா, ராட்டினத்துக்கு ஒரு லெட்டர் போட்டிருந்தாக்கூட இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும்,” என்றாள் மகள்.

முன்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த மடிப்பில் யாரும் சிரிக்கவில்லை. பக்கத்துக் கடையில் ‘தண்ணீர் தீர்ந்துவிட்டது’ என்று அட்டை தொங்கியது.

பின்னால் ஒரு பெண். இடுப்பில் கைக்குழந்தை. அழுது அழுது அதற்குக் குரல் கம்மிவிட்டது. உதடு வெடித்திருந்தது.

“அண்ணே, ஒரு வாய் தண்ணி இருக்குமா? குழந்தைக்கு.”

மனைவியின் கை பைக்குள் போனது. தபால்காரர் அந்தக் கையை அழுத்திப் பிடித்தார்.

“எங்ககிட்ட ஏதும்மா? வாசல்லயே புடுங்கிட்டாளே, மனசாட்சி இல்லாதவ.”

மனைவி அவரைப் பார்த்தாள்.

“என்ன பாக்கறே? உனக்கே பத்தாது,” என்றார் காதோரம்.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் திரும்பினார். கைத்தடி ஊன்றிய கை நடுங்கிக்கொண்டிருந்தது. தோள்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார்.

“குடும்மா. மெதுவாக் குடு, புரையேறிடப் போகுது.”

குழந்தை குடித்தது. அழுகை நின்றது. தபால்காரருக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

“ஐயா, நீங்க எந்த வாசல்?”

“மூணாம் வாசல் தம்பி. நல்ல பொண்ணு அது. ஒண்ணும் சொல்லலை.”

ராட்டினம் சுற்றி இறங்கியதும் நேராக அலுவலகத்துக்கு நடந்தார். புகார்ப் புத்தகத்தை வாங்கினார்.

“விடுங்களேன்,” என்றாள் மனைவி, கதவோரம் நின்று.

“நியாயம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே? நமக்கு ஒரு சட்டம், அந்தாளுக்கு ஒரு சட்டமா?”

எழுதினார். ‘மூன்றாம் வாசலில் இருப்பவர் தனக்கு வேண்டியவர்களைத் தண்ணீரோடு உள்ளே விடுகிறார்.’ தேதி, நேரம், கையெழுத்து. முகவரிகூட விடவில்லை. தபால்காரர் அல்லவா.

மேலாளர் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். “மறுபடியும் அவளா? இன்னொரு புகார் வந்தா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்னு போன வாரமே சொல்லியிருந்தேன்.”

புத்தகத்தை மூடினார். தபால்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார்.

அதன்பின் மனைவி தண்ணீரைத் தொடவே இல்லை. கேட்டதற்குத் தாகமில்லை என்றாள். பாதி பாட்டில் பைக்குள்ளேயே சூடேறிக் கிடந்தது.

சாயங்காலம் மூன்றாம் வாசலில் வேறு ஒருவன் உட்கார்ந்து டோக்கன் வாங்கினான். தபால்காரர் நாலு பாட்டிலையும் எண்ணி எடுத்துக்கொண்டிருந்தார்.

காலையில் இருந்த காவல்காரி வெளியே நின்றிருந்தாள். சாதாரணப் புடவை. கக்கத்தில் மடித்த காக்கிச் சட்டை. மனைவியைக் கண்டதும் கிட்டே வந்தாள்.

“வேலை முடிஞ்சுதாம்மா?” என்றாள் மனைவி.

“வேலையே முடிஞ்சுதுக்கா. யாரோ எழுதிக் குடுத்துட்டாங்க.”

தபால்காரர் நாலு பாட்டிலைத் திரும்பவும் எண்ண ஆரம்பித்தார்.

“அது கிடக்கட்டும்க்கா,” அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “மாத்திரை டப்பாவுக்குக் கீழே வெச்சிருந்தீங்களே, அந்தத் தண்ணி சாயங்காலம் வரைக்கும் பத்துச்சா?”