மணி அடிக்காத வகுப்பு

ஆசிரியர் பயிற்சிக்கென்று கொடுத்த கணினி விளையாட்டில் ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள். கேள்வி கேட்டுப் பதில் வாங்கினால் புள்ளி ஏறும். ஞானசுந்தரி டீச்சருக்குப் புள்ளியே ஏறவில்லை. அவள் திரையில் ஒவ்வொரு பிள்ளையாகத் தொட்டுத் தொட்டுப் பெயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பள்ளியில் இந்த வருடம் படிக்க ஒரு பிள்ளைகூட இல்லை. ஆனாலும் தினமும் போய்க் கதவைத் திறந்து, கரும்பலகையில் தேதி எழுதி, சாயங்காலம் அழித்துவிட்டு வருகிறாள்.

மற்ற ஆசிரியர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். பயிற்சி கொடுத்த இளைஞன் இளம்பரிதி கதவைப் பாதி சாத்திவிட்டு வந்தான்.

"மேடம், ஆஃப் பண்ணிடலாமா? ரூமைப் பூட்டணும்."

"இதுல பெல்லு எங்க தம்பி இருக்கு?"

"பெல்லா? எதுக்கு?"

"புள்ளைங்க வீட்டுக்குப் போகணும்ல. கடைசிப் புள்ள கேட்டைத் தாண்டாம நான் கெளம்புனதே இல்ல."

அவன் சிரித்துவிட்டான். "பெல்லெல்லாம் வைக்கல மேடம். ஆஃப் பண்ணா அவங்க போயிடுவாங்க."

"எங்க போவாங்க?"

அவன் குனிந்து திரையைப் பார்த்தான்.

ஞானசுந்தரி எழுந்துபோய், சாத்தியிருந்த கதவை விரியத் திறந்து, வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"இப்ப ஆஃப் பண்ணு தம்பி" என்றாள்.