வயிற்றுக்குள் நட்சத்திரம்

டாக்டர் கைலாசநாதன் ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிடித்தவர் பிடித்தபடியே நின்றார்.

சவரிநாதன் மூச்சை நிறுத்திவிட்டார். பக்கத்து நாற்காலியில் மனைவி இசபெல்லா ஜெபமாலையை மணி மணியாக உருட்டாமல் மொத்தமாகப் பிசைந்துகொண்டிருந்தாள்.

வயிற்றில் இருப்பது புற்றுக்கட்டி என்பது குழாய் விட்டுப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. இப்போது தெரிய வேண்டியது ஒன்றுதான். கட்டி வயிற்றோடு நிற்கிறதா, பக்கத்து வீடான ஈரலுக்கும் குடிபோய்விட்டதா? நின்றிருந்தால் ஆபரேஷன். போயிருந்தால் கத்தியைத் தொட்டும் பிரயோசனம் இல்லை. அதைப் பார்க்கத்தான் மெட்ராஸ் வரை போய் அந்த மிஷினுக்குள் படுத்து எழுந்து வந்தது.

எண்பத்தாறாம் வருஷத்தில் ஸ்கேன் என்பதைக் காரைக்கால் அப்போதுதான் கேள்விப்படுகிறது. படத்தைப் பார்க்கத் தலத்தெரு முழுசும் அவர் வீட்டுக்குள் நுழைந்தது. சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாற்றில்கூட அவ்வளவு நெரிசல் கிடையாது. கருக்களாச்சேரியிலிருந்து மீன் கொண்டுவரும் காசியம்மா கூடையை இறக்காமலே எட்டிப் பார்த்தாள்.

"வஞ்சிரத்தத் துண்டம் போட்ட மாதிரி மனுசன வெட்டி அடுக்கியிருக்கான், ஒரு சொட்டு ரத்தம் இல்ல பாரேன்!"

பார்க்காதவர் சவரிநாதன் ஒருவர்தான். பயம். கட்டியை நினைத்து மட்டும் இல்லை.

அவர் எல்லைச் சாவடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காரைக்கால் பிராந்தி தமிழ்நாட்டுப் பக்கம் போகாமல் மறித்த மனிதர். டயருக்குள், பூசணிக்காய்க்குள், மாப்பிள்ளைத் தலைப்பாகைக்குள் என்று அவர் கண்டுபிடிக்காத இடம் இல்லை. ஒரு தடவை சவ ஊர்வலத்தை நிறுத்தி அவர் கேட்ட கேள்வியில், பிணமே எழுந்து உட்கார்ந்து பாட்டிலை எடுத்து நீட்டியதாக அவரே சொல்லுவார்.

கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "வேற ஏதாச்சும் இருக்கா?"

வாழைத்தார் லாரிக்காரர்கள் மட்டும் அதற்கு அசைய மாட்டார்கள். ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு, "வெறும் வாழைப்பழந்தாங்க" என்பார்கள். தாரை விலக்கினால் பாட்டில் பல்லைக் காட்டும்.

அப்பேர்ப்பட்டவர் மெட்ராஸில் கடத்தல்காரர் ஆகிவிட்டார்.

ஸ்கேனுக்கு முதல் நாளே சொல்லிவிட்டார்கள். உடம்பின் மேல் ஒரு பொட்டு உலோகம் இருக்கக் கூடாது. மோதிரம், அரைஞாண், கழுத்துச் சுரூபம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் வரவேண்டும்.

மோதிரம் போகட்டும். வேளாங்கண்ணி மாதா சுரூபம் சின்ன வயசில் கோவிலில் புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து அவர் கழுத்தை விட்டு இறங்கினதே இல்லை. மாதா இல்லாமல் அந்தப் பொந்துக்குள் போவதாவது?

உடம்பின் மேல் கூடாது என்றுதானே சொன்னார்கள். உள்ளே கூடாது என்று யார் சொன்னது?

சுண்டுவிரல் நகம் அளவுத் தகடு. லாட்ஜ் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு மடக்குத் தண்ணீரோடு மாதாவை உள்ளே அனுப்பிவைத்தார்.

இசபெல்லாவிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் லாட்ஜையே கூட்டிவிடுவாள். தவிரவும், அவளே அன்றைக்கு உருகிக் கிடந்தாள். பல் செட்டைக் கழற்றிவைத்தவரைக் கட்டிலில் உட்காரவைத்து, ஒரு பூவம்பழத்தை உரித்து, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தன் கையாலேயே ஊட்டிவிட்டாள்.

"மெல்லாதீங்க, அப்படியே முழுங்குங்க."

சவரிநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. தொண்டையில் என்னமோ அடைத்தது. பாசம் வந்தால் இப்படித்தான் அடைக்கும்போலிருக்கிறது, இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டார்.

"இதென்னங்க ஐயா, நட்சத்திரம்?" என்றார் ஜன்னலோரம் நின்ற டாக்டர் கைலாசநாதன்.

சவரிநாதன் அப்போதுதான் படத்தை நிமிர்ந்து பார்த்தார். வயிற்றின் நடுவில் பளீரென்று ஒரு வெள்ளை. அதிலிருந்து நாலாபக்கமும் கதிர் கதிராகக் கோடுகள். மாதா கோவிலில் கிறிஸ்துமஸுக்குக் கட்டுகிற நட்சத்திரம் அதனிடம் பிச்சை வாங்கவேண்டும்.

இந்த வெளிச்சத்தில் ஈரல் தெரியாமல் போயிருந்தால்? துணைக்குக் கூப்பிட்ட மாதாவே மறைத்துக்கொண்டு நின்றுவிட்டால்?

"சுரூபம் டாக்டர். நாந்தான் முழுங்கிட்டேன்." பிடிபட்ட டிரைவரின் குரல் அப்படியே அவருக்கு வந்திருந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. அடுத்த படத்தை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தார். கோடுகளைத் தாண்டி ஈரலை விரலால் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். திரும்பவும் சுற்றினார். பிரகாரம் சுற்றுகிறவர்கூட இவ்வளவு நிதானமாகச் சுற்ற மாட்டார்.

"ஈரல் சுத்தமா இருக்குங்க. வேற எங்கயும் பரவினதாத் தெரியல. கட்டி வயித்தோட நிக்குது. ஆபரேஷன் பண்ணிடலாம்."

சவரிநாதன் விட்ட மூச்சில் சுவரில் இருந்த காலண்டர் டிசம்பருக்குப் போய்விட்டு வந்தது.

"ஆனா ஐயா," டாக்டர் ஒரு படத்தை மறுபடி வெளிச்சத்துக்குத் திருப்பினார். "நீங்க ஒண்ணுதானே முழுங்கினேங்கிறீங்க? இங்க ரெண்டு நட்சத்திரம் இருக்கே."

சவரிநாதன் மெல்லத் திரும்பினார்.

இசபெல்லாவின் கழுத்தில் சுரூபக் கயிறு இருந்தது. கயிற்றில் சுரூபம் இல்லை.

ஓய்வு பெற்ற நாளோடு போய்விட்ட சாவடிக் குரல், தானாகத் தொண்டைக்கு ஏறிவந்தது.

"வேற ஏதாச்சும் இருக்கா?"

இசபெல்லா மின்விசிறியைப் பார்த்தாள்.

"வெறும் வாழைப்பழந்தாங்க."