பெயர் தெரியாத எறும்பு

வண்டூர்ச் சாலையோரக் காட்டில், வெட்டுவதற்குக் குறி போட்ட மரத்தடியில், எறும்புகளை ஆராயும் தஸ்லிமா லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்திருக்கிறாள். குப்பிக்குள் ஒரே ஒரு வேலைக்கார எறும்பு. முதுகில் பொன்னிற ரோமம், இடுப்பில் தூண்டில்முள்ளாய் வளைந்த இரண்டு முட்கள். அவள் பார்த்த எந்த இனத்திலும் இப்படி முள் இல்லை. இலைகளைப் பட்டிழையால் ஒட்டிக் கட்டிய கூடு உச்சிக்கிளையில் மழை ஈரத்தோடு மினுங்குகிறது. "ஒரு நாள் பொறுங்கண்ணே. ராணி எறும்பையும் பார்த்தாத்தான் என்ன இனம்னு உறுதியாச் சொல்ல முடியும்." சாலைப் பணி மேற்பார்வையாளர் ராஜமாணிக்கம் அவள் முகத்தைப் பார்க்காமல் தலையைச் சொறிகிறார். "க்யா கரேகா மேடம், என்ன பண்றது, ஆர்டர் வந்தாச்சு. எனக்கும் மேல ஆள் இருக்கு. தள்ளி நில்லுங்க." மோட்டார் ரம்பம் உறுமுகிறது. மரத்தூள் அவள் நோட்டின் மேல் மஞ்சளாகப் படிகிறது. மரம் முனகிச் சாய்ந்து, தரை அதிர விழுகிறது. அவள் ஓடிப்போய்ப் பார்க்கும்போது கூடு நசுங்கிக் கிழிந்து கிடக்கிறது, ராணியைக் காணவில்லை. பிழைத்த எறும்புகள் வெள்ளைக் கூட்டுப்புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு, ஏறுவதற்கு ஒரு மரம் தேடி அலைகின்றன. சுற்றிலும் ஏற்கெனவே வெட்டிய அடிமரங்கள்தான்; பக்கத்தில் நிமிர்ந்து நிற்பது அவள் மட்டும்தான். ஒன்றன்பின் ஒன்றாக அவள் கால்மேல் ஏறத் தொடங்குகின்றன. தட்டிவிட மனமில்லாமல், எங்கே கொண்டுபோய் விடுவதென்றும் தெரியாமல், அவள் அசையாமல் நிற்கிறாள்.